பலா மரத்தைச் சுற்றி ஒரு கை டிராக்டர்

1

இன்று காலை கயிற்றை ஒரே இழுப்பு இழுத்ததில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது ஒரு சேதியாகவே படாது. இஞ்சின் என்றால் ஓடத்தானே செய்யும், இதையெல்லாமா எழுதுவார்கள் என்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் காப்பித் தம்ளரைக் கையில் எடுப்பேன். எங்கள் நிலத்தை அளந்து பார்க்க அமீன், அதாவது சர்க்கார் சர்வேயர், வந்துபோய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது.

வீடு அந்தமானில், போர்ட் பிளேரில், டாலிகஞ்சின் கடைசிக் கடையும் முடிந்து செம்மண் பாதை சரியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நான் ஹேடோ துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்க்கிறேன். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல் இறக்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. மூட்டை எண்ணுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதைப் பார்த்தாலும் ஒன்று குறைகிறதோ என்று தோன்றும். நான் கவலைப்படுவதற்கென்றே பரமக்குடிப் பக்கத்தில் பிறந்து, அங்கே கவலை பற்றாமல் கடல் தாண்டி வந்தவன் என்பது என் மனைவி பஞ்சவர்ணத்தின் கணிப்பு.

வீட்டுக்குப் பின்னால் இறங்கும் சரிவு நிலம், குடியேறிகளுக்கென்று சர்க்கார் கொடுத்தது. காட்டை வெட்டி, முழு நிலத்தையும் பயிர் நிலமாக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கீழ்ப் பாதியைப் பக்கத்து வங்காளிக் குடும்பத்தின் எருமைகளை வாங்கி உழுதுவந்தோம். மேல் பாதி வேரும் மேடுமாகக் கிடந்தது. நான் ஆபீசுக்கு நடையாய் நடந்து கெடுவை நீட்டி வாங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியாகப் போனபோது, இந்த மழை பிடிப்பதற்குள் அமீன் வருவார், அதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து வங்காளிக்காரர் எருமைகளை விற்றுவிட்டார்.

நிலம் போனால் போகட்டும், கைகால் இருக்கிறது என்று சொல்லக்கூடியவள்தான் பஞ்சவர்ணம். அவள் அப்படிச் சொல்லாததற்குக் காரணம் மேல் பாதியில் நிற்கும் பலா மரம். எங்கள் முதல் பிள்ளை அதனடியில் இருக்கிறான். நாங்கள் வந்து சேர்ந்த முதல் மழைக்காலத்தில் பிறந்தான். முப்பதாம் நாள் பேர் வைப்பது எங்கள் வழக்கம், அதுவரைக்கும் அவன் தங்கவில்லை. மழை விடாமல் ஊற்றியதில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இடுகாட்டுக்குப் போக வழியில்லாமல், நிலத்திலேயே மேட்டைப் பார்த்து அடக்கம் செய்தோம். சுற்றிலும் கல் அடுக்கி, தலைமாட்டில் ஒரு பலாக்கொட்டையை ஊன்றினாள் பஞ்சவர்ணம். கொட்டை மரமாகிவிட்டது. இந்த நிலம் இன்னொருவர் கைக்குப் போனால் கல்லைப் பெயர்த்துவிட்டுக் கொத்திப் புரட்டத்தான் செய்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர்களுக்கு அது வெறும் மேடு.

2

கை டிராக்டர் என்பது நம் பக்கத்தில் அதிகம் பார்க்காத சாமான். இரண்டே சக்கரம், முன்னால் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், பின்னால் மாட்டு வண்டியின் ஏர்க்கால் மாதிரி நீளமான இரண்டு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். சர்க்கார் ஆபீசில் கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு ஒரு நல்ல இரும்புப் பெட்டி கிடைக்குமா என்று பார்க்கத்தான் இரண்டு பேரும் போனோம். புல் முளைத்துக் கிடந்த இந்த யந்திரத்தின் முன்னால் பஞ்சவர்ணம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா காளையார்கோவில் பக்கத்தில் அரிசி மில் இஞ்சின் ஓட்டியவர். அவள் தொட்டில் கட்டியிருந்ததே இஞ்சின் கொட்டகையில்தான். எனக்கு இஞ்சின் என்றால் அது வெடிக்கக்கூடிய ஒரு பொருள், அவ்வளவுதான்.

ஏலத்தில் போட்டிக்கு ஆள் இல்லாததே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஒருவருக்கும் வேண்டாத ஒன்றை நாம் ஏன் எடுக்கிறோம் என்றேன். எருமை கிடைக்கிற வரைக்கும் அமீன் காத்திருப்பாரா என்று கேட்டாள். ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தோம். இறக்கும்போது ஒரு சக்கரம் தனியாக உருண்டு சரிவில் ஓடி வங்காளிக்காரர் வேலியில் போய் நின்றது. எனக்கு அதுவே அபசகுனமாகப் பட்டது. பஞ்சவர்ணம் மட்டும், சக்கரம் நன்றாகத்தான் உருளுகிறது என்றாள்.

சமையலைப் பின் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு, சமையல் சாய்ப்பில் டிராக்டர் குடியேறியது. பிஸ்டன் இறுகிப்போய் அசைய மறுத்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஊறப்போட்டாள். நான் ஹேடோவுக்குக் கிளம்பும்போது கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன், திரும்பி வந்ததும் இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் சாயங்காலம் அது உள்ளே ஒரு பெருமூச்சு விட்டு அசைந்தது. நான் பயந்து கயிற்றை விட்டுவிட்டேன். அன்றைக்கு மட்டும் வீட்டில் கேசரி கிண்டினாள் பஞ்சவர்ணம்.

அதன் பிறகு தேய்ப்பதும் துடைப்பதும்தான். பெட்ரோல் தொட்டிக்குள் துருவைப் போக்கக் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினோம். அடைத்துக்கொண்ட கார்புரேட்டர் துவாரங்களைத் தன் தலைமுடி ஒன்றை விட்டுச் சுத்தம் செய்தாள். கைப்பிடிகள் யாரோ நெடிய மனிதருக்காகச் செய்தவை, அவற்றைப் பிடித்தால் அவள் தோள் காதைத் தொடும். ஹேடோ பட்டறையில் அறுத்து, வளைத்து, அவள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தோம். வளைக்கும்போது, உன் வீட்டுக்காரி ஓட்டப் போகிறாளா என்று பட்டறைக்காரர் சிரித்தார். ஆமாம் என்றேன். அவர் அதற்குமேல் சிரிக்கவில்லை.

எனக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். இஞ்சினுக்கே இன்னும் உயிர் வரவில்லை, அவள் இடது பக்கத்துக் கிளட்சைப் பிரித்துவைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றாள். இந்த வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கிளட்ச். இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரம் நின்று, வண்டி இடது பக்கம் திரும்பும். அது செத்துக் கிடந்தது. நேராக ஓடினால் போதாதா, கடைசியில் கையாலேயே பிடித்துத் திருப்பிக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"நேரா ஓடுனாப் போதாதுங்க," என்றாள் கையை எடுக்காமல். "மரத்துக்கிட்ட வரும்போது நான் நெனச்ச எடத்துல திரும்பணும். திரும்பலேன்னா புள்ள மேல ஏறிரும்."

நான் சைக்கிள் கடைக்குப் போய், கிளட்சை இழுக்க ஒரு பிரேக் கம்பி வாங்கி வந்தேன்.

3

இதற்கு நடுவில் எங்கள் மகள் கலைச்செல்வியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. அவள் இந்த மண்ணில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் வங்காளி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லாப் பிள்ளைகளும் கலந்து கிடக்க, எல்லாருக்கும் நடுவில் ஹிந்திதான் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தும் அது நிற்பதில்லை. "அம்மா, பூக் லகுது" என்றால் அவளுக்குப் பசிக்கிறது என்று அர்த்தம். பசியைக்கூடத் தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளையை வளர்க்கிறோமே என்று நான் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பேன். பசிக்கிறவளுக்குச் சோறு போட்டுவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள் என்பாள் பஞ்சவர்ணம்.

ஊரிலிருந்து பெரியம்மா கடிதம் வந்தால் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுவாள். பாதியில், "மீதி நீங்களே படிங்கப்பா" என்று ஓடிவிடுவாள். தமிழில் பேசு என்று கடிந்துகொண்டால் உடனே தலையாட்டி, சரி என்பதையும் ஹிந்தியில் "ஜீ" என்பாள். அதற்கப்புறம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊருக்குத் திரும்பிப் போனால் இவளைச் சொந்தக்காரர்கள் கண்காட்சி மாதிரி சுற்றி நின்று பார்ப்பார்கள். போகாவிட்டால் எங்களுக்கும் அவளுக்கும் நடுவிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். இரண்டில் எது நடக்கும் என்று நான் அப்போதெல்லாம் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு நடுவே நின்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பலா மரத்தடியில் போய்க் குதித்து விளையாடாதே, உன் அண்ணன் அங்கே இருக்கிறான் என்று பஞ்சவர்ணம் அவளிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் சொன்னது. குதிப்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக ஹிந்தியில் பேசிக்கொண்டிருப்பாள். நடுநடுவே முன்னா, முன்னா என்று காதில் விழும். முன்னா என்பது ஹிந்திக்காரர்கள் சின்னப் பையனைச் செல்லமாகக் கூப்பிடுவது. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு ஒரு முன்னா இருக்கிறான். ஏதோ ஒரு முன்னாவோடு போட்ட சண்டையை ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். தனியாகப் பேசுகிறபோதாவது தமிழ் வரக்கூடாதா என்பதுதான் என் ஆற்றாமை.

முந்தின வருஷம் அந்த மரம் முதல் தடவையாகக் காய்த்தது. பஞ்சவர்ணம் ஒரு சுளையைக்கூட வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் மகள் வங்காளிக்காரர் வீட்டில் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தாள். வாசனை காட்டிக்கொடுத்தும் அவளை நாங்கள் கேட்கவில்லை.

4

கிளட்ச் வேலை செய்தது. ஆனால் இஞ்சினில் பொறி வரவில்லை. பெட்ரோலைக் கொளுத்துகிற பொறியை உண்டாக்குவது மேக்னெட்டோ. அதற்குள்ளே நூலிழை மாதிரிச் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில் இருக்கும். அது எரிந்துபோயிருந்தது. போர்ட் பிளேரில் தேடாத இடம் இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும், மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும் என்ற ஒரே பாட்டு. உப்பிலிருந்து ஊசி வரைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இங்கே குடும்பம் நடத்துகிறோம்.

பஞ்சவர்ணத்தின் அக்கா மானாமதுரையில் இருக்கிறார். அவருக்கு எழுதினோம். பழைய காயிலை மாதிரிக்கு அனுப்பிவைத்தோம். அத்தான் மதுரையில் அலைந்து ஒன்றைப் பிடித்துவிட்டார், கப்பலேறும் நம் பக்கத்து ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறோம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எனக்குக் கப்பல் பைத்தியம் பிடித்துவிட்டது. கப்பல் மதராசை விட்டதா, கடல் எப்படி இருக்கிறது என்று துறைமுகத்தில் எல்லாரையும் அரித்தேன். ஒரு பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு பக்கம் ஆபீசில், அமீன் எப்போது வருவார் என்று கேட்டால், "கல் பர்சோ" என்றார்கள். நாளை அல்லது மறுநாள் என்பது அதன் பொருள். இந்த ஊர் ஆபீசில் அதற்கு என்ன பொருள் வேண்டுமானாலும் உண்டு.

கப்பல் வந்தது. அந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடித்து, அவர் தலையில் இருந்த சாக்குப்பையை நானே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பையிலிருந்து புளி வாசம் வந்தது. அதில் வியப்பில்லை. இந்தத் தீவுக்கு வருகிற தமிழர் யாராயிருந்தாலும் புளி இல்லாமல் கரையிறங்கமாட்டார். நம் புளி இங்கே கிடைக்காது என்று அங்கே ஒரு முடிவு, அதை நாங்களும் மறுத்து எழுதியதில்லை.

வீட்டில் பையைப் பிரித்தோம். அப்பளம், மிளகாய் வற்றல், மகளுக்கு ஒரு பாவாடை, பிறகு தேங்காயைவிடப் பெரிதாக உருட்டிய ஒரு பழம்புளி உருண்டை. காயிலைக் காணோம். பையை உதறினோம், உள்ளே கைவிட்டுத் துழாவினோம். கூடவே வந்த கடிதத்தைப் பஞ்சவர்ணம் படித்தாள், படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். கப்பலில் மூட்டையைப் போட்டு உருட்டுவார்கள், இரும்புச் சாமான் அடிபட்டுவிடக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது என்று காயிலைப் பேப்பரில் சுற்றிப் புளி உருண்டைக்குள்ளே பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அக்கா எழுதியிருந்தார்.

கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டு இடித்த புளி. கப்பலின் அடித்தட்டுப் புழுக்கத்தில் அது கசிந்து ஊறியிருந்தது. நடுவில் கையை விட்டு எடுத்தபோது பேப்பர் கூழாகி, காயிலின் மேல் சுற்றிய துணி பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. பஞ்சவர்ணம் அதைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, அடுப்போரம் காயவைத்து, வண்டியில் மாட்டினாள். கயிற்றை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். கை ஓயும்வரை இழுத்தாள்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத்தானே தேய்க்கிறோம், செம்புக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்று அக்கா நினைத்திருப்பார். ஆசையாக அனுப்பியவரை எப்படித் திட்டுவது? பஞ்சவர்ணம் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது பிள்ளை போன மழைக்காலத்தில் ஒரு தடவை, இது இரண்டாவது. அடுத்த கப்பலுக்குள் மழை வந்துவிடும். அமீனும் வந்துவிடுவார்.

5

பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் சவரிமுத்து அண்ணாச்சி தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், இங்கே படகு இஞ்சின்களுக்கு வைத்தியர். நாங்கள் வந்த புதிதில் அடுத்த குடிசையில் இருந்தவர். கொட்டுகிற மழையில் பிள்ளைக்குக் குழி வெட்டிக் கொடுத்தது அவர்தான். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பஞ்சவர்ணம் முதலிலிருந்தே சொல்லிவந்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிடும். மறுநாள் அவளே, போய் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

சாத்தாம் துறையிலிருந்து ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனேன். தினம் வேலைக்குப் போய்வருகிற கூட்டம் சீட்டாடிக்கொண்டும் அரட்டையடித்துக்கொண்டும் வந்தது. எல்லாருக்கும் என்ன நிம்மதி என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்ணாச்சி ஒரு படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். புளிக் கதையைக் கேட்டுவிட்டுக் கிடந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல காயிலு வந்து மாட்டுனாலும் அது பழைய மேக்னெட்டோதான், மழைக்கு நனைஞ்சா மறுபடி படுத்துக்கிடும்," என்றார். "அத விட்டுத்தள்ளும். ஜீப்புக் காயிலு ஒண்ணு எங்கிட்டக் கெடக்கு. ஒரு பாட்டரிய வச்சு ஓட்டிப்புடுவோம். தங்கச்சிக்கு நாஞ் சொல்லுதேன்."

மறுநாளே வந்தார். பஞ்சவர்ணத்துக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. மில் இஞ்சினில் வளர்ந்தவளுக்கு பாட்டரி என்றால் அது நொண்டிக்குக் கொடுத்த கைத்தடி. இருக்கிற பொருத்தத்தைக் கெடுத்து இன்னொன்றைத் திணித்தால் வண்டியின் குணமே போய்விடும் என்று வாதாடினாள். அண்ணாச்சி மேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஓடட்டும் என்றார். அவள் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டே வேலையை முடித்தார்கள். காயிலைக் கைப்பிடிக்குக் கீழே கட்டினார்கள். பாட்டரிக்கு ஒரு பிஸ்கட் டின் பெட்டியானது. மழை படாமல் மேலே சைக்கிள் ட்யூபை வெட்டிப் போர்த்தினார்கள்.

பாட்டரியைச் சார்ஜ் செய்யச் சுமப்பது என் பங்கு. ஹேடோ பட்டறையில் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கி, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அமிலம் சிந்தி வேட்டியில் கோழிமுட்டையளவு ஓட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏன் எழுந்து போனார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பஞ்சவர்ணம் கயிற்றைச் சுற்றினாள். இழுத்தாள். இஞ்சின் இரண்டு தும்மல் போட்டு, கறுப்புப் புகையைக் கக்கி, பிடித்துக்கொண்டது. சாய்ப்பின் தகரமெல்லாம் ஆடியது. வங்காளிக்காரர் வீட்டு ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். "சல் கயா, சல் கயா" என்று மகள் குதித்தாள். ஓடிவிட்டது என்பதைத் தமிழில் சொல் என்று அன்றைக்கு மட்டும் நான் சொல்லவில்லை.

6

அமீன் வருவதற்குள் மேல் பாதியை முடிப்பதுதான் மிச்சம். அவள் ஓட்ட, நான் முன்னால் குனிந்து வேரையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டு நடந்தேன். வண்டி பின்னால் உறுமிக்கொண்டு வரும்போது முதுகு கூசும். ஒவ்வொரு சாலிலும் பலா மரம் நெருங்கும்போது அவள் இடது பிடியை அழுத்துவாள். அந்தச் சைக்கிள் பிரேக் கம்பி அறுந்துவிடக்கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வண்டி கற்களை உரசாமல் வளைந்து திரும்பும். சால்கள் மரத்தைச் சுற்றி வட்டமாக விழுந்தன. நடுவில் மேடும் கற்களும் புல்லும் மட்டும் அப்படியே நின்றன.

கடைசி ஓரத்தை உழுதுகொண்டிருக்கும்போதே அமீன் வந்துவிட்டார். அவர் கையில் குடை, அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் கூட வந்தார். அமீன் வயசானவர், வங்காளி, வெயிலில் நடந்துவந்த அலுப்பு முகத்தில் இருந்தது. கீழ்ப் பாதியைப் பார்த்தார், அளந்தார், தலையாட்டினார். மேலே ஏறி வந்தார். டிராக்டரைச் சுற்றி வந்து, பிஸ்கட் டின்னைத் தட்டிப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அப்போது அவர் கண் பலா மரத்தடிக்குப் போனது.

"ஏ கியூ சோட் தியா?" என்றார். இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார். மரம் இருக்கட்டும், அடியில் கிடப்பது காடுதானே, பூரா நிலமும் பயிராக வேண்டும் என்பதுதானே சட்டம் என்று விளக்கினார். கடுமையாகச் சொல்லவில்லை. வண்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்தக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள், நான் நிற்கிறேன், முழு நிலம் என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். கூட வந்த ஆள் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு முதல் கல்லைப் பெயர்க்கக் குனிந்தார்.

பஞ்சவர்ணத்துக்கு மீன் பேரம் பேசுகிற அளவுக்கு ஹிந்தி தெரியும். எனக்குத் துறைமுகத்து ஹிந்தி தெரியும். உடைந்தது, நனைந்தது, குறைகிறது, கையெழுத்துப் போடு, இவையெல்லாம் சரளமாக வரும். இதைச் சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. தமிழில்கூட நாங்கள் இரண்டு பேரும் இதை அதிகம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் இல்லை. சொன்னால், நிலத்தில் குழி வெட்டினீர்களா என்று அதையே ஒரு குற்றமாக்கிவிடுவாரோ என்ற பயம் வேறு. பஞ்சவர்ணம் கைப்பிடியை விடவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

மகள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. அந்த ஆளுக்கும் கல்லுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"உதர் மத் சலாவோ, சாப்," என்றாள். "உதர் மேரா பாயி ஸோதா ஹை."

அங்கே ஓட்டாதீர்கள், அங்கே என் அண்ணன் தூங்குகிறான் என்று சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தெளிவாக, பயமில்லாமல் சொன்னாள். குனிந்திருந்த ஆள் நிமிர்ந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார். அமீன் மேட்டைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பஞ்சவர்ணம் இஞ்சினை நிறுத்தினாள்.

அவர் குனிந்து மகளிடம், அண்ணனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். பேர் வைப்பதற்குள் போய்விட்டான் என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை.

"முன்னா," என்றாள்.

அமீன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பலா காய்க்கிறதா என்று கேட்டார். காய்க்கிறது என்றேன். காய்க்கிற மரம் நிற்கிற இடம் தோட்டக் கணக்கில்தான் வரும், அதில் ஏர் பட வேண்டியதில்லை என்று தன் ஆளைப் பார்த்துச் சொன்னார். சங்கிலியைக் கற்களுக்கு வெளியே வளைத்துப் பிடிக்கச் சொல்லி, முழு நிலமும் பயிர் என்று எழுதிக்கொண்டார். போகும்போது மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். தப்பாக ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்த மகள், தமிழில் பேசாததற்குத்தான் திட்டு விழப்போகிறது என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இத்தனை வருஷமாக இவள் எங்கள் கையை விட்டுப் போகிறாளே என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ தினமும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, நாங்கள் பேர் வைக்காமல் விட்ட பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

7

ஒரு வருஷம் ஓடிவிட்டது. நிலம் எங்களிடம் இருக்கிறது. மேல் பாதியில் மரவள்ளியும் கத்தரியும் நிற்கின்றன. அக்கா இந்தத் தடவையும் புளி அனுப்பியிருந்தார், தனியாக. கவலை போய்விட்டதா என்று கேட்டால், பாட்டரி இறங்கிவிடுமோ என்பது புதுக் கவலை. மகள் இன்னும் "பூக் லகுது" என்றுதான் சொல்கிறாள். நான் திருத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு மேட்டுப் பக்கம் என்றுதான் இத்தனை நாளும் பெயர். அதற்குமேல் லேசில் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம், சொன்னால் அந்த வேளைச் சாப்பாடு இறங்காது. அமீன் வந்துபோன பிறகும் மகள் மட்டும்தான் அந்தப் பேரைச் சொல்லிவந்தாள். பஞ்சவர்ணம் கேட்டுக்கொண்டிருப்பாள், வாயைத் திறக்கமாட்டாள்.

இன்று காலை ஒரே இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டதும் நான் வழக்கம்போல் தம்ளரை எடுத்தேன். பஞ்சவர்ணம் வண்டியைச் சாய்ப்பிலிருந்து வெளியே கொண்டுவந்து, சரிவின் தலைமாட்டில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தித்தான் சொன்னாள்.

"முன்னா பக்கம் களை மண்டிக் கெடக்கு. நீங்க போய்க் கையால புடுங்கிருங்க, நான் கீழ ஓட்டுறேன்."

தம்ளரை வைத்துவிட்டு நான் களை பிடுங்கப் போனேன்.